யாரோட சண்டையில செத்தான்?

1988இல் லீவில் வந்தபோது, என் செக்‌ஷனில் இருந்து யாழ்ப்பாணத்தில் செத்துப்போனவனின் வீட்டுக்குப் போனேன். தர்மபுரிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவனுடைய அம்மா மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"யாரோட சண்டையில தம்பி செத்தான்?"

"இலங்கையிலம்மா."

ஆளைக் கேட்டதற்கு இடத்தைச் சொன்னேன். அவர் விடவில்லை. "அவங்களும் நம்ம பாஷதான் பேசுவாங்களாமே?" நான் மோரைக் குடித்தேன். போராளிப் பையன்களின் படம் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஊர் அது.

முப்பது வருஷத்துக்கும் மேலாகி, டெல்லியில் தேசியப் போர் நினைவகத்தில் அவன் பெயரைத் தேடிப் போனேன். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். அப்போதே 25,942 பெயர்கள். வட்டத்துக்குள் வட்டமாகச் சுவர்கள். பெயர்கள் இருக்கும் வட்டத்துக்கு தியாகச் சக்கரம் என்று பெயர். அவன் பெயரும் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். நிறைவாகத்தான் இருந்தது, அந்தச் சொல் மட்டும் உறுத்தியது.

தியாகம் என்றால் இன்னதற்கென்று தெரிந்து கொடுப்பது. அவன் எதைத் தெரிந்து கொடுத்தான்? 1987 ஜூலையில் ஒப்பந்தம் ஆனது. தமிழர்களைக் காக்கப் போகிறோம் என்றார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்புவதற்குள் சுமார் 1,200 பேர் போய்விட்டார்கள். சென்னைக்கு வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது இல்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நேரம், யாழ் மருத்துவமனைக்குள் நுழைந்த எங்கள் படையினரின் துப்பாக்கிக்கு நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். நான் அங்கே இல்லை. இல்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். போர் தப்பு என்றால் செத்தவனை நினைப்பதும் தப்பா? நாம் செத்தவனையா நினைக்கிறோம், அவனை அனுப்பிய காரணத்தையா? கார்கிலுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், ஏனென்றால் அந்தக் காரணத்தைச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. எங்கள் ஆட்களின் காரணம் கூச்சமாகிப் போனது. கூடவே ஆட்களும் கூச்சமாகிப் போனார்கள்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். மேஜர் பரமேஸ்வரன் இறந்தது 1987 நவம்பர் 25. பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். இரண்டு நாள் தள்ளி, நவம்பர் 27, புலிகளின் மாவீரர் நாள். தியாகி, மாவீரர் இரண்டுமே 'எதுக்குச் செத்தான்' என்று ஒரு தாய் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற வார்த்தைகள். அதனால் அந்த நாளின் கொடியும் பாட்டும் எனக்கு ஒட்டாது. ஆனால் அவர்களின் துயிலும் இல்லங்களை இலங்கை ராணுவம் புல்டோசர் வைத்து இடித்தது அநியாயம். அங்கே புதைத்தவர்களில் ஒருவன் என் நண்பனைச் சுட்டவனாக இருக்கலாம். இருக்கட்டுமே. மகன் இருந்த இடத்தில் விளக்கு வைக்க வருகிற அம்மாவிடம் நான் கணக்குக் கேட்க முடியுமா?

யாழ் மருத்துவமனையில் ஒவ்வொரு அக்டோபரிலும் ஊழியர்கள் நினைவேந்தல் செய்கிறார்கள். அங்கே செத்தவர்கள் எதற்காகவும் சாகவில்லை, வேலைக்கு வந்திருந்தார்கள். அந்த விளக்குகளுக்கு முன்னால் நிற்க எனக்குத் தகுதி உண்டா என்று இன்னும் தெரியவில்லை.

டெல்லியில் கல் முன்னால் நின்றபோது, டூர் வந்திருந்த நம்ம ஊர் காலேஜ் பையன் ஒருவன் பக்கத்தில் வந்தான்.

"சொந்தக்காரரா சார்?"

"கூட இருந்தவன்."

"எந்த வார் சார்?"

"1987."

யோசித்தான். "அப்ப பாகிஸ்தானோடயா?"

"இல்லப்பா, தமிழங்களோட" என்றேன். அவன் முகம் மாறியது. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஒப்பந்தத்தைத் தாண்டி அக்டோபருக்கு வருவதற்குள், பஸ் கிளம்புகிறதென்று அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.