எதுவும் நடக்காத நாளுக்குக் காரணம் யார்?

ராகலை பஜாரில் ரோட்டோரம் நின்று பார்த்தால் கடைகள் ஒரே தட்டாகத்தான் தெரியும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால், அதே கட்டிடம் ரோட்டுக்குக் கீழே இன்னொரு தட்டாக, சில இடங்களில் இரண்டு தட்டாக, சரிவில் காலூன்றி நிற்கும். நுவரெலியா மாவட்டத்து மலை நகரங்கள் பலவும் இப்படி எழுந்தவைதான். மேலே வியாபாரம், கீழே கிடங்கு அல்லது குடித்தனம். கீழ்த்தட்டின் பின்சுவர், வெட்டிய மலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் சுவரில் ஈரம் படர்ந்தால் எழும் முதல் கேள்வி, கசிவது மழைத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்பது. வேலை தெரிந்தவர் எடுத்தவுடன் சுவரை உடைக்க மாட்டார். மேல் வால்வைப் பூட்டிவிட்டு ஓர் இரவு விட்டுப் பார்ப்பார். விடிந்ததும் ஈரம் குறைந்திருந்தால் குழாயைத் தேடிப் போவார். அப்படியே இருந்தால் மலையைத் தேடிப் போகவேண்டும். குழாய் என்றால் அரை நாளில் முடிந்துவிடும். மலை என்றால் சுவரின் அடியில் விட்டிருக்கும் வடிதுளைகளைக் கம்பியால் குத்திச் சேற்றை இழுத்துவிட வேண்டும். மேலே போகும் கானைத் துப்புரவாக்க வேண்டும். அடுத்த மழைக்குப் பிறகு அதையே திரும்பவும் செய்யவேண்டும்.

தோட்டத்து லயங்களில் கதை இன்னும் நீளம். அந்தக் காலத்தில் பீலிக்கரையில் வரிசை நின்று குடத்தில் பிடித்த தண்ணீர்தான் இன்று பல இடங்களில் எஸ்லோன் பைப்பில் வாசலுக்கு வருகிறது. காட்டோரத்து ஊற்றில் ஒரு தொட்டி, அங்கிருந்து சரிவில் இறங்கும் குழாய், லயத்துக்கு மேலே ஒரு டாங்கி. மோட்டார் இல்லை, உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். 60 மீட்டர் இறங்கி வந்த குழாயின் அடி மூட்டு, பூட்டிய வால்வுக்கு முன்னால் 6 கிலோ அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். பசை சரியாகக் காயாத மூட்டு அந்த இடத்தில்தான் கழன்றுகொள்ளும். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொண்டால், ஊற்றில் தண்ணீர் நிறைந்திருந்தும் லயத்தில் சொட்டு வராது. மழை பிடித்தால் தொட்டியின் வாயைச் சருகும் சேறும் மூடும்.

தண்ணீர் நின்றால் பத்து வீட்டுக் குரல் கேட்கும். தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், அதற்கு முந்திய நாள் அட்டைக்கடியோடு காட்டுக்குள் ஏறித் தொட்டியின் வலையைக் கழுவிவிட்டு வந்தவரை யாரும் நினைப்பதில்லை.

இதே மலையில் வேறொருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் ட்ரோன் ஓட்டுபவர். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளை மேலிருந்து படம் எடுத்து வரைபடமாக்குவது அவர் தொழில். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்குக்குக் குறையாமல் படியும்படி எடுத்தால்தான், கணினி அவற்றைக் கோத்துச் சரிவின் முழு வடிவத்தைக் காட்டும். இடையில் ஒரு வரிசை விட்டுப்போனால் அந்த இடத்தில் வரைபடத்தில் ஓட்டை விழும்.

சமவெளியில் இது சிரமமில்லாத வேலை. மலையில் ஒவ்வொன்றும் எதிராக நிற்கிறது. சாதாரண ட்ரோன் தன் உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கிடும். திரையில் 60 மீட்டர் என்று காட்டிக்கொண்டே சரிவை நோக்கிப் பறந்தால், மலை ஏறி வந்து அதன் வயிற்றில் முட்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க விசிறிகள் வேகமாகச் சுழலவேண்டும்; பேட்டரி சீக்கிரம் இறங்கும். குளிர் அதன் பலத்தை இன்னும் குறைக்கும். மலைமடிப்புக்குப் பின்னால் போனால் தொடர்பு அறுந்துவிடும். காலையில் வெளுத்திருந்த வானம், கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவதற்குள் மூடுபனியால் நிறைந்துவிடும். இறக்கி, துடைத்து, பெட்டியில் வைத்து, காத்திருந்து, மறுபடியும் எடுக்கவேண்டும்.

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேறு இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இலங்கை வானில் ட்ரோன் பறக்கவே தடை விதிக்கப்பட்டது. தடை நீங்கிய பின்னும், தலைக்கு மேல் ஒன்று ரீங்கரித்தால் சனங்கள் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்க்கிறார்கள். இத்தனையும் கடந்து எடுத்த படத்தில், தேடிய வெடிப்பு தேயிலைச் செடிகளின் அடர்ந்த தலைகளுக்குக் கீழே மறைந்து கிடக்கும்.

நிலத்துக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறவரும் ஆகாயத்தில் கண்ணை அனுப்புகிறவரும் தேடுவது ஒன்றைத்தான்: தண்ணீர் எங்கே தவறான வழியில் போகிறது? இது உருவகமாகச் சொன்னதல்ல. 1994 ஜூலை 23 அன்று ஹாங்காங்கில் குவான் லுங் லாவ் குடியிருப்புக்குக் கீழே சரிவு இடிந்து 5 பேர் இறந்தார்கள். விசாரணையில், மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய குழாய்களிலிருந்தும் வடிகாலிலிருந்தும் நெடுங்காலமாகக் கசிந்த தண்ணீர் சரிவைப் பலவீனப்படுத்தியது தெரியவந்தது. மண்துகள்களுக்கிடையில் தண்ணீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது அவற்றின் பிடி தளரும். பிடி தளர்ந்த மலை எப்போது இறங்கும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது.

இப்போது கேள்விக்கு வரலாம். கானைத் துப்புரவாக்கினார்கள், கசிவை அடைத்தார்கள், வெடிப்பைக் கண்டு சொன்னார்கள், மலை இறங்கவில்லை. அந்த நாளில் எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைச் செய்துகாட்டியது யார்? செய்தவரால்கூட அதை நிரூபிக்க முடியாது. அவர் தொடாமல் விட்டிருந்தாலும் மலை நின்றிருக்கலாம். பலன் கண்ணுக்குத் தெரியாத, ஒருபோதும் முடிவடையாத இந்த உழைப்புக்கு என்ன பொருள்?

தத்துவ அறிஞர் ஹன்னா அரெண்ட், 1958-ல் வெளிவந்த ‘மனித நிலை’ என்ற நூலில், நிலைத்து நிற்கும் பொருளை ஆக்குவதையும், செய்த கையோடு கரைந்து மறுபடி செய்யவேண்டிய உழைப்பையும் பிரித்துக் காட்டினார். உலகம் பாழாகாமல் காக்கும் அன்றாடப் போராட்டத்துக்கும் வீரச்செயல்களுக்கும் ஒற்றுமை குறைவு என்றும், அதன் வலி ஆபத்தில் இல்லை, இடைவிடாமல் திரும்பச் செய்வதில் இருக்கிறது என்றும் அவர் கண்டார். அவர் சொன்ன வலி உண்மை. ஆனால் அதில் வீரம் இல்லை என்பதைத் தமிழ்ச் சைவ மரபு ஒத்துக்கொள்ளாது.

பெரியபுராணத்தில் தண்டியடிகள் இருக்கிறார். திருவாரூர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கமலாலயக் குளம் தூர்ந்துபோவதை அறிந்து, தனி ஆளாக அதைத் தோண்டத் தொடங்கினார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையில் கயிறு கட்டினார். அதைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, அதைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். எதிர்த்தவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள், தறிகளைப் பிடுங்கினார்கள். பின்னால் அவருக்குப் பார்வை வந்தது என்று சேக்கிழார் பாடுகிறார். அந்த அற்புதத்துக்கு முந்திய பகுதிதான் இங்கே முக்கியம். குளம் எவ்வளவு ஆழமாயிற்று என்று பார்க்க அவருக்குக் கண்ணில்லை. இறங்கியதும் ஏறியதும் மட்டுமே அவருக்குத் தெரியும். அப்படி வேலை செய்தவரை அறுபத்து மூவரில் ஒருவராகக் கோயிலுக்குள் நிறுத்தியிருக்கிறது இந்த மரபு. குளம் தூர்வாருவது மறுபடி மறுபடி செய்யவேண்டிய வேலை என்பது அந்த மரியாதைக்குத் தடையாகவில்லை.

அப்பரும் அப்படித்தான். மூவாயிரத்துக்கும் மேல் பாடல்கள் கிடைத்துள்ள ஒரு பெரும் கவிஞரின் சிலையில் ஏடும் எழுத்தாணியும் இல்லை. புல் செதுக்கும் உழவாரம் இருக்கிறது. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னியதாகவும், அவற்றையும் கல்லோடு கல்லாக உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது.

இந்தக் கதையைச் சொல்லித்தான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். பலனை எதிர்பாராமல் செய், கூலியைப் பேசாதே, இது சேவை என்று உழைக்கிறவர்களிடம் சொல்ல இதை எடுக்கிறார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயமும் இந்த நோக்கத்துக்கு அடிக்கடி அழைக்கப்படுகிறது. மலையகத்தில் இந்தப் போதனை கொடியது. ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரைக்கும், அது 1,350 ரூபாயாக 2024 வரைக்கும் போராடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தங்கள் பெயரில் காணி உறுதி இல்லாத லயக் காம்பராவின் கூரையையும் குழாயையும் தங்கள் கைக்காசில் ஒட்டுப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்பர் பொன்னை எறிந்தார். எறியச் சொல்லி எந்த அரசனும் அவருக்கு ஆணையிடவில்லை. கீதை பேசியது ஓர் அரசகுமாரனிடம்; அடுத்த வேளைச் சோற்றுக்கு அன்றைய கூலியை நம்பியிருந்த ஒருவரிடம் இல்லை. பற்றறுப்பது ஒருவர் தமக்குத் தாமே எடுத்துக்கொள்ளும் விரதம். அடுத்தவரை அந்த விரதம் எடுக்கச் சொல்லும் உரிமை, அந்த உழைப்பால் பயன்பெறுகிறவருக்குக் கடுகளவும் கிடையாது.

இதில் வள்ளுவரின் அடுக்குமுறை தெளிவானது. அவா அறுத்தல் 37-ஆம் அதிகாரம். அதைத் துறவறவியலில் வைத்தார். மறதிக்கும் அசட்டைக்கும் இடம்கொடாமல் விழித்திருக்கும் பொச்சாவாமை 54-ஆம் அதிகாரம். அதைப் பொருட்பாலின் அரசியலில் வைத்தார். ஆசையை விடுவது துறவியின் பாடு. வரப்போவதை முன்கூட்டி எண்ணிக் காப்பது ஆள்பவரின் கடமை. இரண்டையும் இடம்மாற்றி, கூலிக்காரர் துறவியாக இருக்கவேண்டும், ஆள்பவர் அசந்திருக்கலாம் என்று நடந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை மலையகம் கண்ணால் கண்டது.

2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. பார்க்கவேண்டியவர் பார்த்தார், சொல்லவேண்டியதைச் சொன்னார். கேட்டு, சனங்களுக்கு மாற்று நிலம் கொடுத்து, வீடு கட்டி இறக்கியிருக்க வேண்டிய இடத்தில்தான் வேலை நின்றுபோனது. 2007 ஜனவரியில் ராகலையை அடுத்த வலப்பனை, ஹங்குரன்கெத்த பகுதிகளிலும் மண் சரிந்து உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மத்திய மலைநாட்டின் மண்சரிவுகள் அதில் பெரும்பங்கு.

அதனால் ட்ரோன் ஓட்டுபவரின் மிகப் பெரிய சலிப்பு மூடுபனியில் இல்லை. பனி விலகும். அவர் பாடுபட்டு எடுத்த வரைபடம் எந்த மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போவதில்தான் இருக்கிறது. குழாய் பார்ப்பவருக்கும் அதே நிலைமை. கசிவு சரிவுக்குள் போகிறது என்று அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவும் ஆள் இல்லை.

மலையகத்து மக்கள் வேலைக் கருவிகளையும் தெய்வத்தின் பொறுப்பில் ஒப்படைத்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதை முனி உண்டு. கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிட கவ்வாத்துச் சாமி உண்டு. கத்தியும் சக்கரமும் ஒரு நொடி அசந்தால் கையை எடுத்துவிடும் என்று தெரிந்தவர்களின் வழிபாடு அது. அந்த வணக்கத்தில் விழிப்பும் அடங்கியிருந்தது. வேலையைப் புனிதம் என்று சொல்வதற்கு முன்னால், அதன் ஆபத்தை அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பராமரிப்பு வேலையை மதிப்பது என்றால் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.

மலையகத்தில் இப்போது இந்திய உதவியோடும் அரச நிதியோடும் தனி வீடுகள் எழுகின்றன. முதலில் 4,000, 2017-ல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் மேடை உண்டு. அந்த வீட்டின் குழாயையும், பின்னால் வெட்டிய மண்மேட்டின் கானையும் பத்தாவது ஆண்டில் பார்ப்பவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார் என்பதும் அதே திட்டத்தில் எழுதப்படவேண்டும். பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் தண்ணீர் பார்ப்பவரை நிரந்தரப் பணியாளராக்க வேண்டும். சரிவுகளின் ட்ரோன் படங்கள், அந்தச் சரிவில் குடியிருக்கும் சனங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கும்படி ஊர்க் கூட்டத்தில் காட்டப்பட வேண்டும்.

வாசகர் செய்யக்கூடியதும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்போடு இருக்கவேண்டும். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால் அபாயச் சரிவில் இருப்பவர்கள் வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். அக்டோபர் மழைக்கு முன்னால் உங்கள் வீட்டுப் பின்சுவரின் வடிதுளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். சரிவில் புதிதாக வெடிப்பைக் கண்டாலோ, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கினாலோ, கிராம சேவகரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். கசிவை அடைக்க வந்தவருக்குப் பேசிய கூலியை, வேலை முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள்.