மாடிக்கு ஒரு கைப்பிடிச் சுவர்



புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்து மாண்டால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று சர்வேசுரன் மோயீசன் வழியாகக் கட்டளையிட்டார் (உபாகமம் 22:8). அந்த நாட்டில் மாடி ஜனங்கள் புழங்கும் இடம். அர்ச். இராயப்பரும் யோப்பா பட்டணத்தில் மாடிமேல் ஏறித்தான் செபித்தார். விழுந்தவன் ஏன் கவனமாயிருக்கவில்லை என்று ஆண்டவர் கேட்கவில்லை. சுவர் எங்கே என்று கேட்கிறார்.

கொட்டாம்பட்டி, மேலூர்ப் பக்கத்தில் கல்வேலை நமக்குப் புதிதல்ல. சில வருஷங்களுக்கு முன் ஜல்லி உடைக்கும் இயந்திரம் ஒன்றை மந்திரிக்க என்னை அழைத்தார்கள். தீர்த்தம் தெளித்தேன், செபித்தேன், காப்பி குடித்துத் திரும்பினேன். தூசியை அடக்கத் தண்ணீர்க் குழாய் எங்கே என்று நான் கேட்கவில்லை. பிறகு, கல்வேலை செய்த ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போனேன். நாற்பது வயது நிரம்பாதவர். பாவசங்கீர்த்தனம் செய்யவும் மூச்சு போதவில்லை. "துண்டு கட்டிக்கொண்டுதானே சாமி வேலை செய்தார்!" என்று மனைவி அழுதாள்.

துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும். கருங்கல்லில் உள்ள சிலிக்காவின் கண்ணுக்குத் தெரியாத பொடி, நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்கிவிடும். இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்து வருஷத்துக்குப் பிறகே வெளியே தெரியும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை. காசநோயும் எளிதில் தொற்றும். நம் தமிழ் ஜனங்கள் திரளாய் உழைத்த கோலார் தங்கவயலில் 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்ததில், பலருக்கு இந்நோய் இருந்தது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே இதை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆகையால் தெரியாது என்று சொல்ல நமக்கு வழியில்லை.

முதலாளிமாரே, துளை போடும் இடத்திலும் கல் அரைபடும் இடத்திலும் தண்ணீர் விடுங்கள். தூசி எழும் இடத்தை மூடுங்கள். அதற்குமேல் நல்ல முகமூடி கொடுங்கள். வறண்ட பூமி, தண்ணீருக்கு எங்கே போவோம் என்பீர்கள். கஷ்டந்தான். ஆனால் கைப்பிடிச் சுவருக்கும் செலவுண்டு. அதற்காக ஆண்டவர் யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. ஐந்தாம் கற்பனையை அரிவாளால் மட்டுமல்ல, அசட்டையாலும் மீறலாம்.

தொழிலாளிகளே, "பழகிப்போச்சு சாமி" என்று சொல்லாதேயுங்கள். தூசிக்கு நாம் பழகலாம், நுரையீரல் பழகாது. இருமலும் இளைப்பும் கண்டால் ஆஸ்பத்திரியில், "நான் கல்வேலை செய்கிறவன்" என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், படத்தைப் பார்க்கும் டாக்டர் காசநோய் என்று மட்டும் நினைத்துவிடக்கூடும். வேலைத்துணியை வீட்டுக்குள் உதறாதேயுங்கள். பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். உழைப்பை மட்டுமல்ல, உழைக்கிறவனையும் திருச்சபை கண்ணியப்படுத்துகிறது. இனிமேல் எந்த இயந்திரத்தை மந்திரிக்க அழைத்தாலும் வருவேன். ஆனால், தண்ணீர்க் குழாயைக் காட்டிய பிறகே தீர்த்தம் தெளிப்பேன்.

அர்ச். சூசையப்பரே, எங்கள் தொழிலாளருக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.