ஜோதியும் திரையும்

ஆண்டவனை ஜோதியென்று போற்றிப் பழகிய நமக்கு, விளக்கைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் அது அபசாரமாகவே காதில் விழுகிறது. அஞ்ஞானத்துக்கு இருளையும் ஞானத்துக்கு ஒளியையும் உவமையாக்கிய நம் சமய மரபில், நாளடைவில் உவமையே பொருளென்ற மயக்கம் புகுந்து, கோவில் கோபுரம் தொடங்கிக் கடற்கரை பங்களாவின் மதில் வரையில் எவ்வளவு விளக்கு எரிகிறதோ அவ்வளவு மங்களம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

சைவ சித்தாந்தம் இவ்விஷயத்தில் நம்மைவிட நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் திருவருட்பயன் செய்த உமாபதி சிவாசாரியார், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை இருளென்றே பெயரிட்டு ஓர் அதிகாரம் வகுத்தவர்தாம். எனினும் புற இருளையும் அதையும் அவர் ஒன்றாக்கிவிடவில்லை. புற இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன் இருப்பையாவது காட்டிக்கொள்ளுகிறது. ஆணவமோ பொருளையும் மறைத்து, மறைக்கிற தன்னையும் மறைத்துக்கொள்ளுகிறது என்பது அவர் கண்ட பேதம். இந்த இலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய நகரத்து வானத்தை அண்ணாந்து பார்த்தால், அது நம் விளக்குகளுக்கே பொருந்திவருகிறது. மேல்நோக்கிச் சிதறும் பிரகாசம் தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி நட்சத்திரங்களை மறைப்பதோடு, மறைக்கிறதென்ற உணர்வே எழாதபடி, எல்லாம் தெரிகிறது என்ற பிரமையையும் தந்துவிடுகிறது.

இந்தப் பிரமைக்கு உயிரையே விலையாகக் கொடுப்பவை, தை முதல் பங்குனி வரையில் சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள். ஏறக்குறைய 50 நாளில் மணலைக் கிளறிக்கொண்டு இரவில் வெளிப்படும் அந்தக் குஞ்சு, உள்ளங்கையிலும் சிறியது. தாழ்ந்த அடிவானத்தில் எத்திசை வெளிச்சமோ அத்திசையே சமுத்திரம் என்ற ஒரே நம்பிக்கையுடன் பிறப்பது. யுகயுகமாகப் பொய்க்காத அந்நம்பிக்கை சாலையோரத்து வெள்ளை விளக்கால் பொய்த்துப்போக, முன்துடுப்புகளால் மணலைத் தள்ளித் தள்ளி ஊரை நோக்கி ஊர்ந்து, நாய்க்கும் காக்கைக்கும் வாகனச் சக்கரத்துக்கும் பலியாகிறது. 1988 முதல் மாணவர்கள் அமைப்பாகக் கூடி, இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். ஒளியை நாடியதற்காகவே ஓர் உயிர் மடியுமானால், ஒளியெல்லாம் அருளென்று சொல்லுவது எங்ஙனம்?

தெருவில் விளக்கே வேண்டாமென்று சொல்ல நான் துணியமாட்டேன். இரவு வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணின் அச்சம் நியாயமானது. ஆனால் அவளுக்கு வேண்டிய வெளிச்சம் காலடியில் விழுவது. கண்ணைக் கூசவைக்கும் போகஸ் லைட்டுக்குப் பின்னால் நிற்கிறவன் முகம் யாருக்குத் தெரியும்? மேற்புறத்திலும் பக்கங்களிலும் ஒளி கசியாத மூடி, உயரங்குறைந்த கம்பம், ஆளரவம் கண்டு எரியும் சென்சார், நீலங்கலந்த வெள்ளைக்குப் பதிலாக ஆமையின் கண்ணை அவ்வளவாக ஈர்க்காத செம்மஞ்சள் நிறம், கடலைப் பார்த்த மொட்டைமாடி விளக்கை ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரியும் மாதங்களில் அறவே அணைத்துவிடுவது; இவற்றில் எதுவும் அசாத்தியமல்ல.

விளக்குக்கு மறைப்பிடுவது தெய்வ நிந்தனையாகுமோ என்று தயங்குகிற அன்பர்கள் வடலூரை நினைத்துக்கொள்ளலாம். ஒளியையே கடவுளாக வழிபட்ட இராமலிங்க அடிகள் 1872-இல் அங்கே வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள் உண்டு; ஏழும் விலகுவது தைப்பூசத்தில்தான். அத்திரைகளின் தத்துவார்த்தம் வேறு, ஆமைக்காக அவர் திரை கட்டவில்லை என்பது வாஸ்தவமே. ஆயினும் ஜீவகாருண்யத்தையே கடவுள் வழிபாடாகக் கொண்ட அவரிடம் போய், கடற்கரை விளக்குக்கு ஒரு மூடி போட உத்தரவு கேட்டிருந்தால், மறுத்திருப்பாரென்று எனக்குத் தோன்றவில்லை.