ஏசர்

என் திருமண ஆராதனையில் போதகர் ஆதியாகமம் 2:18ஐ வாசித்தார். பெண், ஆணுக்கு ‘ஏற்ற துணை’. பதினோரு ஆண்டுகள் அந்தச் சொல்லுக்குள் அடங்கி வாழ்ந்தேன். மணமுறிவுக்குப் பிறகுதான் அதன் எபிரெய மூலத்தைத் தேடினேன்: ‘ஏசர் கெநெக்தோ’. ஏசர் என்றால் உதவி. எபெனேசர் என்ற பெயரில் இருக்கும் அதே சொல். 121ஆம் சங்கீதத்தில் கடவுள் தரும் உதவிக்கும் இதுவேதான். அப்படியானால் அது பணிவிடை அல்ல. கெநெக்தோ என்றால் அவனுக்கு எதிரே, நேருக்கு நேர்.

மணிக்கட்டில் பச்சை குத்திக்கொள்ள நினைத்தேன். கெநெக்தோவின் கடைசி ‘ஓ’, ‘அவன்’ என்பதைக் குறிக்கும் விகுதி. அவனை என் தோலில் எழுத வேண்டாம். ஏசர் மட்டும் போதும்.

ஆனால் அதே வேதத்தில் லேவியராகமம் 19:28 பச்சை குத்துவதைத் தடுக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமில் யூதப் பெண்களின் கைகளில் எண்களைக் குத்தினார்கள். யாரும் சம்மதம் கேட்கவில்லை. என் உடல் என்னுடையது, சரி. அந்த மக்களின் எழுத்தும் என்னுடையதா?

குத்திக்கொள்ளவில்லை. ஆனால் எந்தத் திருமணத்தில் அந்த வசனத்தைக் கேட்டாலும், அதன் பொருளை மணப்பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.