கருணையும் கொலையும்

கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் இளைஞர் இன்று வினவுகின்றனர்: "மீளா நோயில் துடிப்பவரை விடுவிப்பது கருணையன்றோ?" வினாவில் தயை உண்டு, வைது ஒதுக்குதல் தகாது.

ஆயினும் தென்னாட்டார்க்கு இது புதிதன்று. விருதுநகர், மதுரை, தேனி மாவட்டச் சிற்றூர்களில் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் மறைவாக நடந்துவந்தது. தளர்ந்த முதியவர்க்கு விடியலில் எண்ணெய் தேய்த்துத் தண்ணீராட்டி, இளநீரை மிகுதியாகப் புகட்டுவர். உடல் குளிர்ந்து ஓரிரு நாளில் உயிர் பிரியும். 2010ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயது முதியவர் ஒருவர், தமக்கு இது நேரவிருப்பதையும் தம் நிலம் பங்கிடப்படுவதையும் செவியுற்று வீட்டைவிட்டே ஓடினார். தீரவிருந்தது எவருடைய துன்பமோ!

உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அனுமதித்தது வேறு. மீளா நிலையில் கருவிகளால் உயிரை நீட்டவேண்டா என்று ஒருவர் தெளிந்த அறிவோடிருக்கையிலேயே எழுதிவைக்கலாம். மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்தபின் சிகிச்சை நிறுத்தப்படும். மருந்தேற்றி உயிர்போக்குதல் இன்றும் குற்றமே.

முன்னரே சொல்லிவைத்தல் வைணவர்க்கு அயலன்று. அந்திம காலத்தில் நினைக்க இயலாதென அஞ்சிய பெரியாழ்வார், அரங்கனிடம் முற்படவே விண்ணப்பம் செய்துகொண்டார். வராஹ சரமசுலோகத்திலோ, கட்டைபோலும் கல்போலும் கிடக்கும் அன்பனைத் தானே நினைப்பதாகப் பகவான் வாக்களிக்கிறான். அவன் நினைவிலுள்ள உடலை வெறுங்கூடென்று பிள்ளைகள் எங்ஙனம் தீர்மானிப்பர்?

எழுதிவைத்தவர் மனம் மாறின் அதனை எப்போதும் விலக்கிக்கொள்ளலாம். எண்ணெய்க் கிண்ணத்தோடு சுற்றம் சூழ்ந்து நிற்கையில், வேண்டாமென்று சொல்ல அம்முதியவர்க்கு இடமேது?