ஆட்டமும் அப்பியாசமும்

சதுரங்கம் ஆடுதல் மார்க்கத்தில் ஆகுமானதா என்ற கேள்வி, தோப்பூரிலும் அதனைச் சூழ்ந்த கொட்டியாரப் பிரதேசத்துக் கிராமங்களிலும், பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் நாட்களில் மாலை வேளையிலே பலகையை விரித்து அமரும் எவரும் ஒரு முறையேனும் கேட்க நேரும் கேள்வியாகும். அதற்குரிய விடை நம்மவர்க்குத் தூரத்தில் இல்லை. ஏனைய மூன்று மத்ஹபுகளின், அதாவது சட்ட வழிகளின், அறிஞர்களில் பலர் இவ்வாட்டத்தை ஹராம் என்றோ ஹராமை அண்மியது என்றோ விலக்கியிருக்க, இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் இவ்விஷயத்தில் மென்மையான ஒரு நிலையை மேற்கொண்டது. 820 ஆம் ஆண்டில் மறைந்த இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள், தாயக்கட்டையின் வீழ்ச்சியை நம்பி ஆடும் நர்து என்னும் ஆட்டத்தை வெறுத்த அளவுக்கு, சிந்தனையை நம்பி ஆடும் இதனை வெறுக்கவில்லை. பந்தயம் இன்றியும், தொழுகையின் நேரம் தவறாமலும், தீய வார்த்தைகளால் நாவு மாசுறாமலும் ஆடப்படுமாயின், அது மக்ரூஹ், அதாவது தடுக்கப்படாது வெறுக்கப்பட்டது, என்ற எல்லையோடு நின்றுவிடும் என்பதே அம்மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) முதலானோர் நிலைநிறுத்திய கருத்து. ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜின் வாளுக்கு இரையான பெரியார் ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தவாறே காய்களை நகர்த்தச் சொல்லி ஆடுவார் என்ற செய்தியும் இமாம் ஷாபிஈ வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. பிற்காலத்திலும் விவாதம் ஓயவில்லை. ஈரானில் புரட்சிக்குப் பின் விலக்கப்பட்ட சதுரங்கம் 1988 இல் கொமெய்னியின் தீர்ப்பினால் மீண்டும் அனுமதி பெற்றது, சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி அதனைக் கண்டித்துப் பேசியது 2016 இல் செய்தியானது.

என் மனத்தை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் பிரச்சினையோ இதற்கு அப்பாலுள்ளது. ஆடலாம் என்பது ஒன்று. நன்றாக ஆட விரும்பலாமா என்பது வேறொன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யா என்னும் நூலிலே, சதுரங்கம் முபாஹ், அதாவது ஆகுமானது, எனினும் அதிலே இடையறாது ஈடுபடுவது கடுமையான மக்ரூஹ் என்று தீர்ப்பளிக்கிறார்கள். சில செயல்கள் தம்மளவில் குற்றமற்றவையாயினும், ஓயாது தொடர்வதனாலேயே தம் இயல்பு மாறிக் கனத்துவிடுகின்றன என்பது அப்பெருமகனாரின் சித்தாந்தம். அலி (ரழி) அவர்கள் சதுரங்கப் பலகையைச் சுற்றி இருந்தோரைக் கடந்து சென்றபோது, இப்ராஹீம் நபியவர்கள் சிலைகளின் முன் அடைந்து கிடந்த தம் சமூகத்தாரை நோக்கிக் கேட்ட கேள்வியையே அவர்களிடமும் கேட்டார் என்று நூல்களில் வழங்கும் செய்தியும் இந்தத் திசையையே காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. அங்கே கண்டிக்கப்படுவது மரக்காய்களைவிட, அவற்றிலே மனம் அடைந்து கிடத்தலேயாகும். ஆனால் சதுரங்கத்தில் தேர்ச்சி பெற இடையறாத அப்பியாசத்தையன்றி வேறு வழி இல்லை. இமாம் அவர்கள் எதை விலக்கினார்களோ அதுவே முன்னேற்றத்தின் ஒரே வாயிலாகவும் இருக்கிறது. 2004 இன் ஆழிப்பேரலையையும் 2006 இன் யுத்த இடப்பெயர்வையும் கண்டு மீண்ட ஒரு பிரதேசத்திலே, காலத்தை வீணடித்தல் என்ற குற்றச்சாட்டு இலேசாகத் தள்ளிவிடக் கூடியதுமன்று.

இந்த முரணைத் தெளிவுபடுத்திக்கொள்ள, தொழில்முறை ஆட்டக்காரரை விடுத்து, பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வில் ஆடும் சாதாரண ரசிகனின் பழக்கங்களைக் கூர்ந்து நோக்குதல் தகும். அவனுடைய முதற் பலவீனம் ஆட்டத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதிலே வெளிப்படுகிறது. நான்கே நகர்வுகளில் ராஜாவை முடக்கும் வித்தையைச் சிறுவயதில் கற்றுக்கொண்டவன், எதிராளி அறியாதவனாயின் மாத்திரமே பலிக்கும் பொறிகளை நாடிப் பல வருஷங்களைக் கழிக்கிறான். பின்னர், ரூய் லோபஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாரின் பெயரால் வழங்கும் தொடக்கத்தைப் பிடிக்கிறான். இரண்டு தோல்விகள் நேர்ந்ததும் அதனைக் கைவிட்டு, மனப்பாடச் சுமை குறைவென்று லண்டன் முறைக்குத் தாவுகிறான். கறுப்புக் காய்களுக்குக் கேரோ-கான் தற்காப்பு உறுதியானதென எவரோ சொல்லக் கேட்டு அதனையும் சில நாள் தழுவுகிறான். தோற்றதற்குக் காரணம் பத்தாம் நகர்வுக்குப் பின் காவலற்று விட்ட குதிரையே என்பதைப் பாராது, முதல் நகர்வின்மீது பழியைச் சுமத்துவது மனித இயல்பு. ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் பக்தாதின் அரசவைகளில் புகழ் பெற்ற அல்அத்லீ, அஸ்ஸூலீ முதலியோரும் தொடக்க அணிவகுப்புகளை ஆராய்ந்து பெயரிட்டு எழுதினார்கள். அக்காலத்தில் இன்றைய ராணியின் இடத்தில் நின்ற மந்திரி மூலைவாக்கில் ஒரு கட்டம் மாத்திரமே நகர வல்லவராதலால், இரு படைகளும் ஒன்றையொன்று நெருங்கவே நெடுநேரம் பிடித்தது. ஆகவே ஆடுவோர் தத்தமக்குப் பிரியமான அணியை அமைதியாக நிறுவிக்கொண்டு போரைத் தொடங்கினர். இன்றைய வேகமான ஆட்டத்தில் அந்த அவகாசம் இல்லை. ஆயினும் எதிராளியின் அறியாமையை நம்பி அணிவகுப்பதா, அவனது மிகச் சிறந்த பதிலுக்கும் தாங்கி நிற்குமாறு அணிவகுப்பதா என்ற தெரிவு அன்றும் இன்றும் ஒன்றே. அதனை நான் நெறி சார்ந்த தெரிவென்றே கருதுகிறேன்.

நர்தை அமைத்தவன் விதிவாதி என்றும், சதுரங்கத்தை அமைத்தவன் மனிதனின் சுயேச்சையை ஒப்புக்கொண்ட முஃதஸிலாக் கொள்கையினன் என்றும் சிந்தனையாளர் சிலர் கூறியதைப் பத்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எடுத்துரைக்கிறார். அஷ்அரீ வழி நிற்கும் நாம் இதனை முழுவதும் ஏற்பதற்கில்லை. செயலைப் படைப்பவன் இறைவனேயாயினும், அதனை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்பதே நம் கொள்கை. ஆனால் அந்த ஈட்டம் இன்னாருடையது என்பதை இவ்வளவு நிர்வாணமாகக் காட்டும் இடங்கள் உலக வாழ்விலே மிகச் சில. விளைச்சல் பொய்த்தால் மழையைச் சொல்லலாம். வியாபாரம் நொடித்தால் சந்தையைச் சொல்லலாம். அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் நேர்ந்த பிழைக்கு ஆடியவனைத் தவிர வேறு எவரையும் சொல்வதற்கில்லை.

தொடக்க நூல்களை அறியாதவரும் உச்சத்தை எட்ட முடியும் என்பதற்குப் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கானை யாவரும் எடுத்துக்காட்டுவர். சிப்பாய்கள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும் இந்திய முறையில் பழகிய அவர், 1929 இலும், பின்னர் 1932, 1933 இலும் பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தார். அவரது மேதைமை நமக்குக் கிட்டாது. ஆனால் ஒரு நிலையைப் பொறுமையோடு நோக்கி அதற்குரியதைச் செய்யும் அவரது இயல்பைச் சாதாரண ஆட்டக்காரனும் ஓரளவு பழகலாம். கபபிளாங்காவும் கற்போர் தொடக்கங்களை உருப்போடுவதிலும் இறுதிக்கட்ட நிலைகளை முதலில் பயில்வதையே வற்புறுத்தினார்.

ஆகவே விடாது தொடர்தலிலும் இரண்டு வகை உண்டென்று நான் எண்ணுகிறேன். கைத்தொலைபேசியில் மூன்று நிமிஷ ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடி, தோற்றதை உடனே மீட்க வேண்டுமென்ற வெறியிலே நள்ளிரவைக் கடப்பது ஒரு வகை. இதிலே ஆயிரம் ஆட்டங்கள் ஆடியவனும் அதே பிழையை ஆயிரம் முறை செய்தவனாகவே எஞ்சுகிறான். இமாம் கஸ்ஸாலியின் கண்டனம் இவ்வகைக்கு முற்றிலும் பொருந்தும். ஓர் ஆட்டத்தை நிதானமாக ஆடி, நகர்வுகளை எழுதி வைத்து, கணினியின் தீர்ப்பைக் கேட்பதற்கு முன் தன் பிழையைத் தானே தேடுவது மற்றொரு வகை. அதே இஹ்யாவின் இறுதிப் பகுதியிலே, வியாபாரி தன் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பது போல மனிதன் தன் ஆன்மாவிடம் கணக்குக் கேட்க வேண்டுமென்று முஹாஸபாவின் முறையை இமாம் அவர்கள் விரிக்கிறார்கள். இரண்டாவது வகை அப்பியாசம் இதனுடைய சிறியதொரு பயிற்சியாக அமையக்கூடும், அமையாமலும் போகக்கூடும். பலகையிற் கற்ற நேர்மை தானாகவே வாழ்க்கைக்குள் நடந்து வருவதில்லை. தோற்ற ஆட்டத்தை வரிவரியாகச் சோதித்துவிட்டு, அன்று காலையில் அயலவரிடம் பேசிய கடுஞ்சொல்லை நினையாமலே உறங்குபவன், தன் ஆன்மாவுக்குரிய கணக்கைக் காய்களிடம் கேட்டு முடித்துக்கொண்டவனாவான். இந்த ஆபத்தே முதல் வகையின் ஆபத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அது ஒழுக்கத்தின் வேஷத்திலே வருகிறது.

எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதற்குப் பழைய நூல்களில் மணிக்கணக்கு எதுவும் விதிக்கப்படவில்லை. தொழுகையின் நேரம் தவறுமிடத்தில் அனுமதி முடிவடைகிறது என்று மாத்திரமே சொன்னார்கள். இந்த எல்லை, ஆடுபவனுக்கு நடைமுறையிலும் உபகாரமானது. நம் ஊரிலே மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலமே உண்டு. மஃரிபைத் தொழுது முடித்து, ஆளுக்கு இருபது நிமிஷம் எனக் கடிகாரத்தை வைத்து அமர்ந்தால், நிதானமான ஓர் ஆட்டம் அதற்குள் முடியும், இரண்டாவதற்கு இடமிராது, மிஞ்சும் சில நிமிஷங்களில், ஆடிய இருவரும் சேர்ந்து முடிந்த ஆட்டத்தை முதலிலிருந்து மீட்டிப் பார்க்கலாம்.