குதிரை கோப்பு வாசிப்பதில்லை

எனது மருமகன் ஒருவன் இங்கிலாந்தில் இருக்கிறான். ராத்தாவின் மூத்த மகன். கணக்கியல் படிக்கப் போனவன். படித்து முடித்து, ஏழெட்டு வருடங்கள் ஓர் அலுவலகத்தில் இருந்துவிட்டு, திடீரெனத் தொழிலை மாற்றிக்கொண்டான். குதிரைகளோடும் குழப்படிக்காரப் பொடியன்களோடும் வேலை என்று அவன் சொன்னபோது ராத்தா அழுதே விட்டார். "இவ்வளவு படிச்சுப் போட்டுக் குதிரைச் சாணி அள்ளவா போனான்?" என்பது அவரது கேள்வி.

ராத்தா சொன்னதில் தவறில்லை. முதல் நாள் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதான். வளர்ந்த குதிரையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் போடும். ஆறு குதிரைகள். கணக்கியல் படித்தவனுக்குக் கணக்கு விளங்கியிருக்கும்.

நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை. பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டவர்கள், களவு, அடிதடி என்று நீதிமன்றப் படி ஏறியவர்கள், எந்த வீட்டிலும் நிலைத்திருக்க முடியாதவர்கள் என்று பதினாறு வயது தொடக்கம் இருபது வயது வரையான இளைஞர்கள் அங்கு அனுப்பப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குதிரை. பன்னிரண்டு வாரங்கள். சவாரி பழக்குவது நோக்கமல்ல. தண்ணீர் வைத்தல், லாயம் கூட்டுதல், உடம்பு தேய்த்தல், குளம்பு துப்புரவாக்குதல், கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லுதல், இவ்வளவுதான்.

அன்று மாலை பொறுப்பாளர் இவனை அழைத்து, ஆபத்து சம்பந்தமான விடயங்களை மட்டும் வாயால் சொல்லியிருக்கிறார். யாருக்கு வலிப்பு வரும், யாரையும் யாரையும் ஒன்றாக விடக்கூடாது என்பன போன்றவை. பிறகு அலுமாரியைக் காட்டி, "மிச்சம் எல்லாம் அந்தக் கோப்புகளில் இருக்கிறது. வாசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். இங்கே சிலர் வாசிக்கிறார்கள், சிலர் வாசிப்பதில்லை" என்றாராம்.

இரவு எனக்குத் தொலைபேசி எடுத்தான். "மாமா, வாசிக்கவா, விடவா?"

முப்பது வருடங்கள் ஆசிரியனாக இருந்தவன் நான். அப்படியான கோப்புகளை எழுதியவன். அதனால்தான் என்னிடம் கேட்டான் போலும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கு எழுதுகிறேன்.

இப்படியான இடங்களைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி சொல்லும் ஒரு வாசகம் உண்டு: குதிரை யாரையும் தீர்ப்பிடுவதில்லை. அவன் திருடனா, பெரிய வீட்டுப் பிள்ளையா என்பது அதற்குத் தெரியாது. கேட்க இனிமையான வாசகம். ஆனால் உண்மையா?

குதிரை இரையாகும் விலங்கு. அதன் உடலமைப்பே அதைச் சொல்லும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் நேர் முன்னும் நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகளைத் தவிர ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கிறது. காதுகள் தனித்தனியே திரும்பும். நின்றபடியே உறங்கும், எந்நேரமும் ஓடுவதற்குத் தயாராக. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி, பறந்து வரும் ஒரு பொலித்தீன் பைக்குப் பயந்து நடுங்கும். அத்தகைய ஒன்றின் முன்னால் தோளை விறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் வந்து நின்றால் அது விலகிப் போகும். அவன் கயிற்றை இழுத்தால் அதுவும் இழுக்கும். அந்த இழுவையில் வெல்லப் போவது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் கயிற்றைத் தளர்த்தி, மூச்சை விட்டு, சற்றே பக்கவாட்டில் திரும்பி நின்றால் அதன் தலை தாழும், ஓர் அடி வைக்கும். குதிரை பழக்குவோரின் வித்தையில் பெரும்பகுதி இதுதான்: கேட்பதற்குச் சிறிது அழுத்தம், கிடைத்த கணமே அதை விடுதல். குதிரை படித்துக்கொள்வது அழுத்தத்திலிருந்து அல்ல, விடுதலிலிருந்து.

ஆக, குதிரை தீர்ப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு கணமும் தீர்ப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஞாபகமும் உண்டு. 2018இல் பிரித்தானியாவின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒருவரின் கோபமான அல்லது சிரித்த முகத்தின் புகைப்படத்தைக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். சில மணி நேரம் கழித்து அதே ஆள், கோபமும் சிரிப்பும் இல்லாத முகத்துடன் நேரில் வந்து நின்றபோது, எந்தப் படத்தை முன்னர் பார்த்திருந்தனவோ அதற்கேற்பவே குதிரைகள் நடந்துகொண்டன. எந்தப் படம் காட்டப்பட்டது என்பது வந்து நின்றவருக்கே தெரியாது.

குதிரையிடமும் கோப்பு இருக்கிறது என்பதே இதன் பொருள். அதனிடம் இல்லாதது ஒன்றுதான்: பிறர் சொல்லக் கேட்டது. தன் கண்ணால் கண்டதை மட்டுமே அது எழுதிக்கொள்கிறது. நேற்றுவரை அவனைப் பற்றி ஊர் என்ன சொன்னது என்பது அந்தக் கோப்பில் ஏறாது.

இதை மன்னிப்பு என்று சொல்லிவிடக் கூடாது. மன்னிப்பதற்குக் குற்றம் தெரிந்திருக்க வேண்டும், அக்குற்றத்தால் தான் நொந்திருக்கவும் வேண்டும். அந்தப் பொடியன் ஒரு கிழவியின் கைப்பையைப் பறித்து, அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். குதிரை அவன் தோளில் முகத்தை வைத்தால் கிழவியின் கடன் தீர்ந்துவிடுமா? அவள் இன்னும் தடி ஊன்றித்தான் நடக்கிறாள். அவள் சார்பில் மன்னிக்கும் உரிமை குதிரைக்கும் இல்லை, மருமகனுக்கும் இல்லை. குதிரை தருவது மன்னிப்பல்ல, ஒரு தொடக்கம் மாத்திரமே.

அப்படியானால் கோப்பை வாசிப்பதல்லவா நியாயம்? கிழவியை மறக்காமல் இருப்பதற்காகவேனும்?

எதிர்ப்பக்க வாதம் பலமானதுதான். குதிரை விடயத்தில் நாம் கோப்பை வாசிக்கத்தான் செய்கிறோம். இந்தப் பெண் குதிரை முன்பு அடி வாங்கியது, கையை உயர்த்தாதே. அந்தக் கிழட்டுக் குதிரைக்கு ஒரு கண் மங்கல், அந்தப் பக்கமாகப் போகாதே என்றெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் உதை வாங்குவது புதியவன். குதிரைக்குப் பொருந்தும் நியாயம் மனிதனுக்கு ஏன் பொருந்தாது?

வேறுபாடு இங்குதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன்னைப் பற்றி எழுதப்பட்டது குதிரைக்குத் தெரிய வராது. அதன் மீது சந்தேகப்பட்ட பழமொழியே நம்மிடம் உண்டு, 'குதிரைக்குக் குணம் அறிந்துதான் கொம்பு கொடுக்கவில்லை' என்று. அதைக் கேட்டு எந்தக் குதிரையும் கெட்டுப் போனதில்லை. மனிதன் அப்படியல்ல. தன்னைப் பற்றிய எழுத்தை அவன் பிறர் முகத்தில் வாசிக்கிறான்.

இந்த இடத்தில் இன்னொரு குதிரையின் கதை ஞாபகத்துக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. அதன் சொந்தக்காரரான வில்ஹெல்ம் வொன் ஒஸ்டன் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். கூட்டல், கழித்தல், பின்னக் கணக்கு எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் அறிஞர் குழுவொன்று வந்து சோதித்து, ஏமாற்று எதுவும் இல்லை என்றது. 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் இரகசியத்தை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்சுக்கும் தெரியாது. கேட்பவர் கண்ணில் படாவிட்டாலும் தெரியாது. தட்டல் சரியான எண்ணை எட்டும்போது கேட்பவரின் தலை, அவர் அறியாமலேயே, மயிரிழையளவு அசையும். அதைக் கண்டு ஹான்ஸ் நிறுத்திக்கொள்ளும். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. கணக்குத் தெரிந்த குதிரை என்று உலகம் வியந்தது, முகம் வாசிக்கத் தெரிந்த குதிரையைத்தான்.

துரத்தப்பட்டே வளர்ந்த பிள்ளைகளும் இந்த வித்தையில் தேர்ந்தவர்கள். வாப்பா கதவைத் திறக்கும் சத்தத்தைக் கேட்டே இன்று அடியா இல்லையா என்று கண்டுபிடிக்கும் பிள்ளை, ஆசிரியரின் முகத்தை வாசிக்கவா கஷ்டப்படும்? கோப்பை வாசித்துவிட்டு வரும் ஆசிரியரின் முகத்தில் விடை எழுதியிருக்கிறது. பிள்ளை அந்த விடையைச் சரியாகத் தட்டி முடிக்கிறது. 'பார்த்தீர்களா, கோப்பில் இருந்தது சரிதானே' என்கிறோம் நாம்.

இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளில் நான் பகுதித் தலைவராக இருந்த ஒரு பாடசாலையில், பதினோராம் தர மாணவனொருவன் ஆய்வுகூடத்தின் கண்ணாடிகளைக் கல்லால் அடித்து உடைத்தான். அவனுக்குரிய விடுகைப் பத்திரத்தை நிரப்பியது நான். நடத்தை என்ற இடத்தில் 'திருப்தியற்றது' என்று எழுதினேன். எழுத இரண்டு விநாடி போதுமாக இருந்தது. அதைக் காட்டியதும் வேறொரு பாடசாலை அவனைச் சேர்க்க மறுத்தது. அவனது உம்மா இரண்டு தடவை வந்தார். அந்தச் சொல்லை மாத்தித் தாங்க சேர் என்றார். எழுதியதை மாற்ற முடியாது, அது சட்டம் என்றேன்.

அந்தச் சொல் பொய்யல்ல. அதுதான் சிக்கல். பொய்யாக இருந்திருந்தால் மாற்றியிருப்பேன். ஒரு நாளின் உண்மையை ஒரு பிள்ளையின் பெயராக்கிவிட்டேன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

நிற்க. மருமகனின் தொழிலில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பொடியனைத் திருத்துவதற்குக் குதிரையைப் பயன்படுத்தலாமா? குதிரை இதற்குச் சம்மதித்ததா?

அமெரிக்காவில் 1971இல் காட்டுக் குதிரைகளைப் பாதுகாக்கும் சட்டமொன்று வந்தது. மந்தைகள் பெருகியபோது அரசே அவற்றைப் பிடித்து அடைத்தது. கொலராடோ மாநிலத்தின் கெனன் சிட்டியில் 1986இல் சிறைக் கைதிகளைக் கொண்டு அக்குதிரைகளைப் பழக்கும் திட்டம் தொடங்கப்பட்டு நீண்ட காலம் நடந்தது. வேலிக்குள் அடைபட்ட மனிதன் வேலிக்குள் அடைபட்ட குதிரையை அமைதிப்படுத்தும் காட்சி பலரை உருக்கியது. 2022இல் அந்த இடத்திலிருந்த குதிரைக் கொட்டடியில் குதிரைக் காய்ச்சல் பரவி, சில வாரங்களில் 140க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. பல குதிரைகளுக்குத் தடுப்பூசி முழுமையாக ஏற்றப்பட்டிருக்கவில்லை. மனிதனுக்கு மருந்தென்று நாம் புகழ்ந்த பிராணிக்கு அதற்குரிய மருந்து உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. நியூயோர்க் மாநிலத்தின் வோல்கில் சிறையில் 1984இல் தொடங்கிய பண்ணைக்கு, ஓடி முடித்த பந்தயக் குதிரைகள் கொண்டுவரப்பட்டன. யாருக்கும் பணம் சம்பாதித்துக் கொடுக்க இயலாத குதிரைகள். அவற்றைக் கைதிகள் பராமரித்தார்கள். அங்கே குதிரை கைதிக்காக அல்ல, கைதி குதிரைக்காக எழும்ப வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. பிறரைத் தன் தேவைக்கான பொருளாகப் பார்த்ததுதான் பறித்தவனின் குற்றம். 'இந்தக் குதிரை உன்னைக் குணப்படுத்த இருக்கிறது' என்று அவனிடம் சொன்னால் அதே பாடத்தையே மீண்டும் படிப்பிக்கிறோம். 'இதற்குத் தாகம், நீ வராவிட்டால் தண்ணீர் இல்லை' என்று சொன்னால் வேறு பாடம். முதல் நாள் சாணம் அள்ளக் கொடுத்தது சரிதான் என்று ராத்தாவுக்குச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

மூன்று நாள் கழித்து மருமகனுக்கு நானே பேசினேன். முதல் சில வாரங்கள் வாசிக்காதே, உன் கண்ணால் கண்டதை நீயே ஒரு கொப்பியில் எழுது, பிறகு கோப்பை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், கிழவிக்கும் அநியாயம் நடக்காது, பொடியனுக்கும் நடக்காது என்று தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "மாமா, நான் அண்டைக்கு ராவே வாசிச்சிட்டன்" என்றான்.

மறுநாள் காலை லாயத்தில் ஒரு பொடியன் இவனைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாசித்துவிட்டீர்கள், இல்லையா?" என்று கேட்டானாம். இவன் ஆம் என்றிருக்கிறான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தூரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று முழுவதும் அந்தப் பெண் குதிரை இருவரில் ஒருவரிடமும் வரவில்லை.

இப்போது ஆறாவது வாரம். குதிரை அவனிடம் வருகிறது, சில நாட்களில் இவனிடமும். பொடியன் பேசுவதில்லை, ஆனால் நேரத்துக்கு வருகிறான். இதை வெற்றி என்று சொல்ல முடியாது. இத்தகைய இடங்கள் எத்தனை பேரைத் திருத்துகின்றன என்று கணக்குக் காட்டுவதும் இலகுவல்ல. குதிரையோடு பழக முன்வருபவன் ஏற்கனவே பாதி தூரம் வந்தவனாகவும் இருக்கலாம். வாசித்ததை வாசிக்காததாக்க வழியில்லை. தினமும் காலையில் போய் நின்று, கோப்பில் இல்லாத ஒரு வரியை அவனைப் பற்றி அறிந்துகொள்வது மட்டுமே மருமகனால் செய்யக்கூடியது.

அந்த வழி எனக்கு இல்லை. கண்ணாடி உடைத்த மாணவனை இந்த நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன். அவன் எப்படிச் சிரிப்பான், கையெழுத்து எப்படி இருக்கும், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரன் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. அவனது பெயரும், பெயருக்குப் பக்கத்தில் என் கையால் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லும் மட்டுமே வருகின்றன.